"டேக்" என்றால் "எடு" மட்டும்தானா?

"டேக்" என்றால் என்ன?

பள்ளிக்கூடம் போகும் எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். "எடு" என்று பட்டென்று பதில் வரும். "கிவ்" என்றால் "கொடு". "மேக்" என்றால் "செய்". "கெட்" என்றால் "பெறு". நோட்டின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் இங்கிலீஷ் சொல். வலது பக்கம் தமிழ்ச் சொல். இதை மனப்பாடம் செய்துவிட்டால் இங்கிலீஷ் வந்துவிடும் என்று பிள்ளை நம்புகிறது. பெற்றோரும் நம்புகிறார்கள்.

ஆனால் வருவதில்லை!

ஆசிரியர் "டேக் யுவர் சீட்" என்கிறார். பிள்ளை திகைத்து நிற்கிறது. "சீட்" என்றால் இருக்கை. "டேக்" என்றால் எடு. இருக்கையை எடுத்துக்கொண்டு எங்கே போவது? வகுப்பு சிரிக்கிறது. "இவனுக்கு இங்கிலீஷ் ஏறாது" என்று ஒரு முத்திரை விழுகிறது. அந்த முத்திரையைச் சுமந்துகொண்டே அவன் பத்தாம் வகுப்பு வரை போகிறான். சில பிள்ளைகள் அதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள்.

தப்பு பிள்ளையிடம் இல்லை. நோட்டின் நடுவே போட்ட அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

தண்ணீருக்கு எத்தனை வினை!

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. கரிசல் மண். மழை பெய்தால் பருத்தியும் சோளமும் உளுந்தும் மல்லியும் விளையும். பெய்யாவிட்டால் கருவேல முள்தான் விளையும். எம்.ரெட்டியபட்டி இந்தச் சீமையில் உள்ள ஊர். இங்கே தண்ணீர் அருமையான பொருள். அருமையான பொருளுக்குச் சொல்லும் அதிகம் சேரும் போலிருக்கிறது.

இந்தப் பக்கத்து வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைப் பற்றி என்ன பேச்சு நடக்கிறது என்று கவனியுங்கள்.

குழாயில் தண்ணீர் "பிடிக்கிறார்கள்". கிணற்றில் தண்ணீர் "இறைக்கிறார்கள்". ஊருணிக்குப் போய்த் தண்ணீர் "எடுக்கிறார்கள்". பானையில் இருந்து "மொண்டு" குடிக்கிறார்கள். வாசலுக்குத் தண்ணீர் "தெளிக்கிறார்கள்". செடிக்கு "ஊற்றுகிறார்கள்". வயலுக்குப் "பாய்ச்சுகிறார்கள்". மாட்டுக்கு?

மாட்டுக்குத் தண்ணீர் "காட்டுகிறார்கள்"!

காட்டுவது என்றால் கண்ணுக்குக் காட்டுவதா? இல்லை. வயிறு நிறையக் குடிக்க வைப்பது. இதை யாரும் எந்தப் பிள்ளைக்கும் பாடம் நடத்தவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா" என்றால், வாளியைத் தூரத்தில் இருந்து காட்டிவிட்டுத் திரும்பி வராது.

அதே "தண்ணீர் காட்டு" என்பதை மனிதனோடு சேர்த்துப் பாருங்கள். "அவன் போலீசுக்கே தண்ணி காட்டிட்டான்" என்றால் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். மகனைத் "தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்றால் இனி அவன் திருந்த மாட்டான் என்று கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள். "வெந்நீர் போடு" என்று அம்மா சொன்னால் குளிப்பதற்கு. "தண்ணி போட்டான்" என்று அதே அம்மா சொன்னால் வீட்டில் சண்டை!

பெயர்ச்சொல் ஒன்றுதான். பக்கத்தில் வந்து நிற்கும் வினைச்சொல் மாறுகிறது. பொருள் கவிழ்ந்துவிடுகிறது. சொல்லுக்குத் தனியாகப் பொருள் உண்டு என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, அது யாரோடு சேர்ந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ஒரு சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் சொல்லைக் "கூட்டாளிச் சொல்" என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷிலும் இதே கதைதான். அங்கே கிணற்றில் இருந்து தண்ணீர் இறைப்பதை "ட்ரா" என்பார்கள். "ட்ரா" என்றால் படம் வரை என்று மனப்பாடம் செய்த பிள்ளை, தண்ணீரின் படத்தை வரையத் தொடங்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு இங்கிலீஷில் "காட்டு" என்ற வினையே இல்லை. "வாட்டர்" என்ற பெயர்ச்சொல்லையே வினையாக்கி, "வாட்டர் தி கேட்டில்" என்று சொல்லிவிடுவார்கள். செடிக்கு ஊற்றுவதும் அவர்களுக்கு "வாட்டர்"தான்.

"எடு" என்ற ஒரு சொல்

இப்போது "டேக்" கதைக்கு வருவோம். "டேக்" என்றால் "எடு" என்பது உண்மையானால், "எடு" என்று தமிழில் சொல்லும் இடத்தில் எல்லாம் இங்கிலீஷில் "டேக்" வர வேண்டும் அல்லவா? வருகிறதா?

தீபாவளிக்கு அருப்புக்கோட்டைக்குப் போய்த் துணி "எடுக்கிறார்கள்". இங்கிலீஷில் இதற்கு "பை" என்று சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்குவதற்கு உள்ள சொல் அது. "கடையில் துணியை டேக் செய்தோம்" என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால், "காசு கொடுத்தீர்களா?" என்று அவர் சந்தேகத்தோடு கேட்பார்!

காட்டில் களை எடுக்கிறார்கள். அதற்கு "வீட்". பருத்தி எடுக்கிறார்கள். அதற்கு "பிக்". பிச்சை எடுப்பதற்கு "பெக்". பிள்ளையைத் தத்து எடுப்பதற்கு "அடாப்ட்". கோயில் திருவிழாவில் முளைப்பாரி எடுக்கிறார்கள், தீச்சட்டி எடுக்கிறார்கள். சுமந்து செல்வதால் அதற்கு "கேரி". நல்ல பெயர் எடுப்பதற்கு "ஏர்ன்". வாந்தி எடுப்பதற்கு "வாமிட்". பசி எடுக்கிறது என்றால் "ஐ ஆம் ஹங்கிரி" என்று முடிந்துவிடுகிறது. அங்கே எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

இத்தனையில் எங்காவது "டேக்" வந்ததா? போட்டோ எடுப்பதற்கு வருகிறது. முடிவு எடுப்பதற்கு வருகிறது. இன்னும் சில இடங்களில் வருகிறது. அவ்வளவுதான். ஏதோ ஒன்றிரண்டு இடத்தில் இரண்டு சொல்லும் ஒத்துப்போனதை வைத்துக்கொண்டு, "டேக் என்றால் எடு" என்று கோடு கிழித்துவிட்டார்கள்.

பஸ்ஸை யார் எடுப்பது?

இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் பார்த்தாயிற்று. இனி அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் பார்க்கலாம்.

"டேக் எ பஸ்" என்று இங்கிலீஷில் சொல்கிறார்கள். பஸ்ஸில் போவது என்று பொருள். தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் ஒருவர் எம்.ரெட்டியபட்டியில் வந்து நின்று, "நான் அருப்புக்கோட்டைக்கு பஸ் எடுக்கப் போகிறேன்" என்றால் என்ன ஆகும்? கேட்டவர் அவரை டிரைவர் என்று நினைத்துக்கொள்வார்! இங்கே பஸ்ஸை எடுப்பவர் டிரைவர் ஒருவர்தான். "பஸ்ஸை எடுத்துட்டாங்க, ஓடு, ஓடு" என்றால் பஸ் புறப்பட்டுவிட்டது என்று பொருள். பிரயாணி பஸ்ஸில் "ஏறுகிறார்". அவசரத்தில் பஸ்ஸைப் "பிடிக்கிறார்". டிக்கெட்டை மட்டும்தான் "எடுக்கிறார்".

மருந்துக்கும் இங்கிலீஷில் "டேக்". தமிழில் கஷாயம் "குடிப்பது", மாத்திரை "போடுவது", பொதுவாக மருந்து "சாப்பிடுவது".

"டேக் எ சீட்" என்றால் உட்கார். "டேக் கேர்" என்றால் கவனமாக இரு, பார்த்துக்கொள். "இட் டேக்ஸ் டைம்" என்றால் நேரம் ஆகும், நேரம் பிடிக்கும். "டேக் பிளேஸ்" என்று இருக்கிறதே, அது பொல்லாத தொடர். இடத்தை எடுப்பது என்று பிள்ளை எழுதிவிடும். பொருள் என்னவோ "நடைபெறு" என்பது.

"டேக்" பரீட்சைக்கும் வரும். இது கொஞ்சம் வேடிக்கையான விஷயம். தமிழ்நாட்டில் பரீட்சை "எழுதுகிறார்கள்". அமெரிக்காவில் பரீட்சையை "டேக்" செய்கிறார்கள். இங்கிலாந்தில் "டேக்" என்பதோடு "சிட்" என்றும் சொல்கிறார்கள். அதாவது, பரீட்சைக்கு "உட்காருகிறார்கள்"! இந்தியாவில் படித்தவர்களும் இங்கிலீஷில் "ரைட் தி எக்ஸாம்" என்கிறார்கள். இதைத் தப்பு என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டியது இல்லை. கோடிக்கணக்கான பேர் சொல்லி, கோடிக்கணக்கான பேருக்குப் புரிகிற வழக்கு அது. ஆனால் வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு மற்ற இரண்டு வழக்கும் தெரிந்திருப்பது நல்லது.

குளிப்பதற்கு அமெரிக்காக்காரர் "டேக் எ பாத்" என்பார். இங்கிலாந்துக்காரர் பெரும்பாலும் "ஹாவ் எ பாத்" என்பார். முடிவு எடுப்பதற்கு அமெரிக்காவில் "மேக்". இங்கிலாந்தில் "மேக்" என்பதும் உண்டு, "டேக்" என்பதும் உண்டு. ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. இது தர்க்கம் இல்லை. பழக்கம். ஒரே மொழி பேசுகிறவர்களுக்கு இடையிலேயே இப்படி என்றால், தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயம்?

("குளித்தேன்" என்று ஒரே சொல்லில் முடிகிற காரியத்துக்கு, "பாத் எடுத்தேன்" என்று சொல்கிற பட்டணத்து வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் இங்கிலீஷும் கற்கவில்லை, தமிழையும் விட்டுவிட்டார்கள்.)

தொல்காப்பியம் சொன்ன சட்டம்

இது ஏதோ இங்கிலீஷ்காரன் கண்டுபிடித்த புது விஷயம் என்று எண்ண வேண்டாம். எந்தப் பெயருக்கு எந்த வினை என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறது.

தொல்காப்பியத்தில் சொல்லதிகாரம் என்று ஒரு பகுதி. அதன் முதல் இயலுக்குக் கிளவியாக்கம் என்று பெயர். அங்கே ஒரு விதி வருகிறது. பல பொருள்களைச் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல் ஒன்று இருக்கிறது. அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வினை உண்டு. அப்போது பொதுச்சொல்லுக்குப் பக்கத்தில், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுவான வினையைத்தான் போட வேண்டும்.

உரை எழுதியவர்கள் இதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். நகைகளில் சில கட்டுவது, சில கவிப்பது, சில பூணுவது. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும்போது "அணிந்தார்" என்று சொல்ல வேண்டும். வாத்தியங்களில் சில கொட்டுவது, சில ஊதுவது. சாப்பாட்டில் சில உண்பது, சில தின்பது, சில பருகுவது, சில நக்குவது. ஒன்றின் வினையை எல்லாவற்றின் தலையிலும் கட்டக் கூடாது.

வாத்தியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கிலீஷில் மேளத்துக்கும் "பிளே", நாதசுரத்துக்கும் "பிளே", சீட்டுக்கும் "பிளே", கிரிக்கெட்டுக்கும் "பிளே". தமிழில் மேளம் அடிக்கிறார்கள், நாதசுரம் வாசிக்கிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள், கிரிக்கெட் விளையாடுகிறார்கள். "பிளே என்றால் விளையாடு" என்று மட்டும் படித்த பிள்ளையின் கையில், கல்யாண வீட்டு மேளக்காரர் மேளத்தோடு விளையாடிக்கொண்டு இருப்பார்!

பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாடத்தில் "வினைமரபு" என்று ஒரு பகுதி உண்டு. சோறு உண்டான், முறுக்குத் தின்றான், பால் பருகினான், கூடை முடைந்தான், சுவர் எழுப்பினான், ஆடை நெய்தான், அம்பு எய்தான் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். பரீட்சையில் கேள்வியும் வருகிறது. பெயரையும் வினையையும் ஜோடியாகச் சொல்லிக்கொடுக்கும் அருமையான முறை இது.

அதிசயம் என்னவென்றால், முதல் மணி அடித்துத் தமிழ் வகுப்பில் ஜோடியாகப் படித்த பிள்ளை, இரண்டாவது மணி அடித்ததும் இங்கிலீஷ் வகுப்பில் ஒற்றைச் சொல்லாகப் படிக்கிறது. ஒரே பிள்ளை. ஒரே பலகை. ஒரே கட்டடம். தமிழ் வகுப்பில் தெரிந்த உண்மை அடுத்த மணியில் மறந்துபோகிறது.

ஜப்பானில் நடந்த ஆராய்ச்சி

இங்கிலீஷைப் பிற நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். ஹெரால்ட் பாமர் என்ற இங்கிலீஷ்காரர் ஜப்பானில் இங்கிலீஷ் போதனை பற்றி ஆராயும் ஒரு நிலையத்தை நடத்தினார். டோக்கியோவில் 1923-ல் அது தொடங்கியது. ஜப்பான் பிள்ளைகளுக்கும் ஒற்றைச் சொல் பட்டியல் போதவில்லை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்பதைத் தொகுத்து, 1933-ல் பாமர் ஓர் அறிக்கை வெளியிட்டார்.

அவரோடு வேலை செய்த ஹார்ன்பி என்பவர், தம் கூட்டாளிகள் இருவரோடு சேர்ந்து, பிற மொழிக்காரர்களுக்கு என்றே ஓர் இங்கிலீஷ் அகராதி தயாரித்தார். 1942-ல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அது டோக்கியோவில் வெளிவந்தது. அதையே 1948-ல் ஆக்ஸ்போர்டு அச்சகம் மறுபடி வெளியிட்டது. இன்று இந்தியாவில் கல்லூரி மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியின் பாட்டன் அதுதான்.

இன்னொருவர் ஃபர்த். 1920-களில் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்தவர். பிறகு லண்டனுக்குப் போனார். சொல்லின் பொருளில் ஒரு பங்கு அதன் கூட்டாளிச் சொற்களில் இருக்கிறது என்பதை 1950-களில் மொழி ஆராய்ச்சியில் நிலைநாட்டியவர் அவர்.

தமிழிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1992-ல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொல்லுக்குப் பொருள் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை வாக்கியம் போட்டுக் காட்டுகிறது. கரிசல் சீமையின் பேச்சுக்கு என்றே 1982-ல் கி. ராஜநாராயணன் ஒரு வட்டார வழக்கு அகராதி தந்தார். அவர் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத சம்சாரி. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர். பண்டிதர்கள் கொச்சை என்று ஒதுக்கிய பேச்சை அவர் அகராதியில் ஏற்றி உட்காரவைத்தார்.

இப்போது கைப்பேசிகூட இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. இங்கிலீஷில் "டேக்" என்று தட்டினால், அடுத்து வரக்கூடிய இரண்டு மூன்று சொல்லை அதுவே நீட்டுகிறது. பெரும்பாலும் அதில் "கேர்" இருக்கும். கைப்பேசிக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் அதிகமாக வருகிறது என்று எண்ணிப் பார்த்தே சொல்கிறது. எண்ணிப் பார்க்கும் ஒரு கருவிக்குக் கிடைத்த ஜோடிப் பாடம், பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

நாட்டுப்புறப் பிள்ளைக்கு வராதா?

"அதெல்லாம் சரி. நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு இவ்வளவு நுணுக்கம் பிடிபடுமா?" என்று சிலர் கேட்பார்கள். பட்டணத்தில் கேட்பதை விட, கிராமத்துப் பெற்றோரே இப்படிக் கேட்பதுதான் வேதனை.

பிடிபடும். ஏற்கனவே பிடிபட்டிருக்கிறது!

கரிசல் சீமையில் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் பல. அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முன்பே இரண்டு மொழிக்குச் சொந்தக்காரன். குளிப்பதைத் தெலுங்குப் பேச்சில் "நீள்ளு போசுகோ" என்பார்கள். "தண்ணீரை ஊற்றிக்கொள்" என்று அதற்கு நேர்ப் பொருள். வீட்டில் அப்படிச் சொல்லுகிற பிள்ளை, தெருவில் வந்து "குளிச்சிட்டேன்" என்கிறது. தெருவில் நின்று "தண்ணீரை ஊற்றிக்கொண்டேன்" என்று மொழிபெயர்த்துச் சொல்வதில்லை. எந்த மொழியில் எந்தப் பெயருக்கு எந்த வினை என்று அது தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கிறது. யாரும் அதற்குப் பட்டியல் கொடுக்கவில்லை. முழுத் தொடராகக் காதில் விழுந்தது. முழுத் தொடராக வாயில் வருகிறது.

தமிழ் மட்டும் பேசுகிற வீட்டுப் பிள்ளையும் சளைத்தது இல்லை. "லீவு" என்ற சொல்லைப் பாருங்கள். இங்கிலீஷில் இருந்து வந்த விருந்தாளி. கிராமத்துப் பிள்ளை அதை எவ்வளவு லாவகமாக ஆள்கிறது! பள்ளிக்கூடம் லீவு "விடுகிறது". பிள்ளை லீவு "போடுகிறது". அப்பா மில்லில் லீவு "எடுக்கிறார்". மேலே இருப்பவர் லீவு "கொடுக்கிறார்". நான்கு பேர், நான்கு வினை. மாற்றிச் சொன்னால் பிள்ளையே சிரிக்கும். லீவு கொடுப்பதற்கு இங்கிலீஷில் "கிராண்ட்" என்ற சொல் சேரும் என்றும், எடுப்பதற்கு "டேக்" சேரும் என்றும் இதே போல ஜோடியாகச் சொன்னால் அதற்கா புரியாது?

ஆகவே மூளைக் குறைவு என்ற பேச்சே வேண்டாம். 1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை நடக்கிறது. தமிழ் ஒன்று, இங்கிலீஷ் ஒன்று. முதல் வகுப்பில் இருந்தே இங்கிலீஷ் பாடம் உண்டு. பன்னிரண்டு வருஷம் படித்த பிறகும், வேலைக்கான நேர்முகத் தேர்வில் இரண்டு வாக்கியம் சொல்ல நாக்கு எழவில்லை என்றால், அந்தப் பன்னிரண்டு வருஷம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாமா? வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே இங்கிலீஷ் காதில் விழுகிறது. கூட்டாளிச் சொற்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. தீப்பெட்டி ஆபீசுக்கும் தறிக்கும் காட்டு வேலைக்கும் போகிற தாய் தந்தையின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் ஒரே வழி. அங்கேயும் ஒற்றைச் சொல் பட்டியல் என்றால், அது எங்கே போகும்?

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் உதவலாம்

நோட்டில் இருக்கும் கோட்டை அழித்துவிட வேண்டியதுதான். வினையை எழுதி எதிரே ஒரு தமிழ்ச் சொல் எழுதுவதற்குப் பதிலாக, ஒரு பெயர்ச்சொல்லை எழுதட்டும். பஸ், மருந்து, லீவு, பரீட்சை, சாப்பாடு, போட்டோ. அதோடு இங்கிலீஷில் எந்த வினை சேரும் என்று பக்கத்தில் எழுதட்டும். பிறகு தமிழில் எந்த வினை சேரும் என்று எழுதட்டும். இரண்டும் வேறு வேறாக இருப்பதைப் பிள்ளையே கண்ணால் பார்க்கும்.

இதற்கு இங்கிலீஷ் தெரிந்த பெற்றோர் தேவை இல்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். சாயங்காலம் பூக் கட்டிக்கொண்டே அப்பத்தா கேட்கலாம்:

"ஏய்யா, பஸ்ஸுக்கு உங்க இங்கிலீசுல என்னய்யா சேரும்?"

"டேக், அப்பத்தா. கேட்ச்சும் வரும்."

"மருந்துக்கு?"

"அதுக்கும் டேக்தான்."

"சோத்துக்கு?"

"ஈட். ஹாவும் சொல்லலாம்."

"அப்ப பஸ்ஸும் மருந்தும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டதுக. சோறு வேற வீடா?"

அப்பத்தா சொன்னது எத்தனை சரி! எந்தப் பெண் எந்த வீட்டுக்கு வாக்கப்பட்டாள் என்று ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லாம் மனதில் வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் கேட்பதில்லை. அந்த மாதிரிதான் இதுவும்.

"இப்படி ஆயிரக்கணக்கில் இருக்குமே, எத்தனையைப் படிப்பது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாடத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி காட்ட வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டியது இல்லை. டேக், மேக், ஹாவ், டூ, கிவ், கெட் என்ற ஆறு வினைகள் அன்றாடப் பேச்சில் பெரும் பங்கைச் சுமக்கின்றன. பள்ளிக்கூடம் ஆண்டுக்கு இருநூறு நாளுக்கு மேல் நடக்கிறது. தமிழ் வகுப்பில் வினைமரபு நடத்துகிற மாதிரி, இங்கிலீஷ் வகுப்பில் நாளுக்கு ஒரு ஜோடியைப் பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டால் போதும். முழு ஆண்டுப் பரீட்சை வருவதற்குள் இருநூறு ஜோடி சேர்ந்துவிடும். பலகையில் எழுத ஆகும் நேரம் அரை நிமிஷம். மறுநாள் காலையில் அழிக்கும் முன்பு, கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பிள்ளையை எழுப்பி, அந்த ஜோடியை வைத்துத் தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லலாம்.